மாமரத்தடியும் மாணவர் இடாப்பும்

நேயர்களுக்கு வணக்கம்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். போருக்குத் தப்பி, யாழ்ப்பாணத்து வலிகாமச் சனம் மழையோடு மழையாக நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்கு நடந்தது. விடிந்தபோது சாவகச்சேரிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் நிரம்பி வழிந்தன. வகுப்பறைக்குள் அடுப்பு மூட்டினார்கள், வாங்குகளில் குழந்தைகளைப் படுக்கவைத்தார்கள். வேறெங்கே போவது? கூரையுள்ள பெரிய கட்டடம் என்றால் ஊரில் கோயிலும் பள்ளிக்கூடமும்தானே. ஆனால் வந்த பிள்ளைக்கும் படிப்பு நின்றது, அந்த ஊர்ப் பிள்ளைக்கும் நின்றது.

அதனால்தான் எங்கே பேசினாலும் சொல்கிறேன்: கட்டடம் கிடைக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மாமரத்தடி போதும், கிடுகுக் கொட்டில் போதும். அன்றைக்கு அப்படித்தான் தொடங்கினார்கள். பிறகு காலையில் ஊர்ப் பள்ளிக்கூடம், பின்னேரம் அதே வாங்குகளில் இடம்பெயர்ந்த பள்ளிக்கூடம், தன் பழைய பெயரோடேயே.

1994இல் ருவாண்டாவில் நடந்த படுகொலைக்குப் பிறகு, அகதிப் பிள்ளைகளுக்காக யுனிசெஃப் ஒரு பெட்டியைத் தயாரித்தது. நாற்பது பிள்ளைகளுக்கு வேண்டிய கொப்பி, பென்சில், எண்ணிப் பழகும் கட்டைகள் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். மூடியில் அதற்கென்று பெட்டிக்குள் இருக்கும் வர்ணத்தைப் பூசினால் அதுவே கரும்பலகை. கொப்பியில் ஓரக்கோடு கிடையாது. ஏனென்றால் அரபுப் பிள்ளை வலமிருந்து எழுதும், நம் பிள்ளை இடமிருந்து எழுதும். இப்படி யோசித்துச் செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

சரி, இப்போது நான் விடாமல் சொல்லிவரும் விஷயத்துக்கு வருகிறேன். விடுகைப் பத்திரம், அதாவது பிள்ளை பழைய பள்ளிக்கூடத்தை விட்டு வரும்போது அங்கே கொடுக்கும் சான்றிதழ். அந்த இடப்பெயர்வுக் காலத்தில் ஒரு தாய் தன் மகளை எட்டாம் ஆண்டில் சேர்க்க வந்தா. எந்தப் பள்ளிக்கூடம் என்பது வேண்டாம். "விடுகைப் பத்திரம் எங்கே?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். தாய் உரப்பையைத் துழாவி, பிள்ளையின் கணக்குக் கொப்பியில் கிழிந்த ஒரு தாளை எடுத்து நீட்டினா. சிவப்பு மையில் திருத்திய கணக்கு, கீழே திகதி, ஆசிரியரின் கையொப்பம். அந்தப் பிள்ளை எட்டாம் ஆண்டில் படித்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? "இது காணாது அம்மா, பழைய அதிபரிட்டக் கடிதம் வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றார்கள். பழைய அதிபர் எந்த மரத்தடியில் இருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்? அந்தத் தாய் தாளை நாலாக மடித்து, திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டா.

நேயர்களே, செய்ய வேண்டியது மிகச் சுலபம். பிள்ளையை உட்காரவைத்து ரெண்டு கணக்குக் கொடுங்கள், ஒரு பந்தி வாசிக்கச் சொல்லுங்கள். வகுப்புத் தெரிந்துவிடும். அன்றைக்கே இடாப்பில் பெயரை எழுதுங்கள். பத்திரம் பிறகு வரட்டும். திரும்பவும் சொல்கிறேன், முதலில் பெயர், பிறகு பத்திரம். பெயர் ஏறாத பிள்ளை ஒரு மாதம் வீட்டிலே நிற்கும், அப்புறம் தம்பி தங்கையைப் பார்க்க நிற்கும், அதோடு படிப்பு போய்விடும். பெயர் ஏறினால் பரீட்சைக்கும் வழி பிறக்கும். 2009 ஓகஸ்டில், போரில் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த வவுனியா மெனிக் பாம் முகாமிலிருந்த பிள்ளைகள் முள்வேலிக்குள் இருந்தபடியே உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். பெற்றோரை இழந்து சில மாதமே ஆன பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள்.

1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் பிள்ளைகள் புத்தளத்தில் படித்த கதையையும் விரிவாகச் சொல்ல இருந்தேன். தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கை காட்டுகிறார். ஆசிரியர்களைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. முகாமில் படிப்பிக்கும் ஆசிரியரும் இடம்பெயர்ந்தவர்தான். அவரும் நிவாரண வரிசையில் நிற்க வேண்டும். அவருடைய சம்பளத்தை அவர் இருக்கும் இடத்திலேயே கொடுங்கள், நிவாரணத்தைப் பள்ளிக்கூடம் விட்ட பிறகு கொடுங்கள்.

வணக்கம்.