ஒரு சொட்டுக்குள் ஏழு நாள்

எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் கால்நடை மருத்துவம் படிக்கிற பிள்ளைகள், பின்னால் மாடு வளர்க்கிறவர்கள். இரு தரப்புக்கும் புரிகிற மாதிரியே பேசப் பார்க்கிறேன். மாட்டின் கருவை உடம்புக்கு வெளியே, ஆய்வுக்கூடத்தில் ஏழு நாள் வளர்த்து, பிறகு ஒரு மாட்டின் கருப்பையில் வைக்கிற வேலையைப் பற்றித்தான் பேச்சு.

இறைச்சிக்கூடத்திலிருந்து வரும் சினைப்பையில் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் இருக்கும், ஊசியால் உறிஞ்சினால் முட்டை வரும், அதை மாட்டின் உடம்புச் சூடான 38.5 டிகிரியில் ஏறக்குறைய 24 மணி நேரம் முதிரவிட்டு, விந்தணு சேர்த்து, அப்புறம் எண்ணெய்க்கு அடியில் வைத்திருக்கும் ஒரு சொட்டு ஊடகத்துக்குள், அதாவது கரு வளரும் சத்துநீருக்குள், விடுவோம். மழைத்துளி அளவுதான் அந்தச் சொட்டு. ஏழு நாளைக்குக் கருவுக்கு எல்லாமே அதுதான்.

அந்தச் சொட்டில் என்ன கலக்க வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு. 1972-இல் டெர்விட், விட்டிங்ஹாம், ரோசன் என்ற மூவர், செம்மறியின் கருக்குழல் நீரில் என்னென்ன உப்பு, எவ்வளவு சர்க்கரை என்று அதற்கு முன்பே அளந்து வைத்திருந்ததைப் பார்த்து அதே மாதிரி ஒரு நீரைக் கலக்கினார்கள். இன்றும் மாட்டுக் கருவுக்குப் பெரும்பாலும் அந்த வழியில் வந்த கலவைதான். ஆனாலும் வெகுகாலம் கரு 8, 16 செல் வந்ததும் நின்றுவிடும். தாய் முட்டையில் போட்டு வைத்த இருப்புத் தீர்ந்து, கரு தன் சொந்த மரபணுவை இயக்கத் தொடங்கும் இடம் அது. கருக்குழல் செல்களைக் கூடவே வளர்த்தார்கள், சீரம் ஊற்றினார்கள், தடை விலகியது.

சீரத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். கன்றுக்குட்டியின் இரத்தத்திலிருந்து எடுப்பது. ஊற்றினால் ஏழாம் நாள் கரு நிறையக் கிடைக்கும், சீக்கிரமும் வரும். பார்க்கிறவனுக்குச் சந்தோஷம்தான். ஆனால் நுண்ணோக்கியில் உற்றுப் பாருங்கள், சீரத்தில் வளர்ந்த கரு உள்ளுக்குள் கறுத்துக் கிடக்கும், அத்தனையும் கொழுப்புத் துளி. உறையவைத்து எடுத்தால் பாதிக்கு மேல் தேறாது என்ற நாட்களையும் பார்த்திருக்கிறேன். அதைவிடக் கொடுமை பிரசவத்தில் தெரியும். கன்று அளவுக்கு மீறிப் பெருத்து, நாக்குத் தடித்து, ஈன முடியாமல் தாய் படுகிற பாடு. 2001-இல் எடின்பரோவின் ராஸ்லின் ஆய்வகத்தார் செம்மறியில் காரணத்தின் ஒரு பகுதியைக் காட்டினார்கள்: வளர்ச்சிக்குக் கடிவாளம் போடுகிற ஒரு மரபணுவின் மேலிருந்த மெத்தில் குறிகள், அதாவது மரபணு எவ்வளவு வேலை செய்யலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் வேதிக் குறிகள், குறைந்து, அதன் வேலை தளர்ந்துபோயிருந்தது. ஏழு நாள் சொட்டில் நடந்தது ஐந்து மாதம் கழித்துக் குட்டியில் தெரிகிறது!

ஒருமுறை எங்கள் கூடத்தில் சீரம் பாட்டில் மாறியது. லேபிளும் விலையும் அதேதான், தொகுப்பு எண் மட்டும் வேறு. மூன்று வாரம் ஒரு கருகூட ஒழுங்காக வரவில்லை, இன்குபேட்டரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். சீரத்துக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது, அதுதான் சிக்கல்.

அதனால்தான் ஆல்புமின், இன்சுலின்–டிரான்ஸ்ஃபெரின்–செலினியம் என்று அளவு தெரிந்த பொருட்களுக்கு நகர்ந்தார்கள். சிஸ்டியமின் என்ற பொருளைச் சேர்த்தால், ஆக்சிஜனால் வரும் சேதத்தைத் தடுக்கிற குளுட்டாதயோனை முட்டை சேர்த்துவைக்கும், விந்தணுவின் தலை உள்ளே வந்து அவிழ அது வேண்டும். இன்குபேட்டரில் ஆக்சிஜனை 5 சதவீதமாகக் குறைப்பதும் அந்தச் சேதத்தைக் குறைக்க உதவி, கருக்குழலிலும் ஆக்சிஜன் குறைவுதானே. பன்றியில் எஃப்ஜிஎஃப்2, எல்ஐஎஃப், ஐஜிஎஃப்1 என்ற, செல் வளர்ச்சிக்குச் சைகை தரும் மூன்று புரதங்களையும் நானோகிராம் அளவில் முட்டை முதிரும்போது சேர்த்து, மிசௌரியில் 2017-இல் வெளியிட்ட முடிவு பலரையும் திரும்பிப் பார்க்க வைத்தது.

எருமைக்கு இது இன்னும் கஷ்டம். கிடைக்கிற முட்டையே குறைவு. 1990-இல் கர்னால் தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த ‘பிரதம்’ என்ற எருமைக் கன்று இந்த வழியில் வந்ததுதான். மாட்டுக்கான கலவையை அப்படியே எருமைக்கு ஊற்றிவிட்டு எருமையைக் குறை சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை.

பிள்ளைகளே, புது பாட்டில் வந்தால் பழையதோடு ஒரே நாளில் வைத்துச் சோதியுங்கள், தொகுப்பு எண்ணைக் குறித்து வையுங்கள். பின்னால் இருக்கிற ஐயாக்களுக்கு ஒரு வேண்டுகோள்: கரு வைத்த மாடு கன்று ஈன்றதும் எடை போட்டு எங்களுக்குச் சொல்லுங்கள். இறந்து பிறந்தாலும் சொல்லுங்கள். அந்த எடை எங்கள் நோட்டில் ஏழாம் நாள் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே ஏற வேண்டும்.