பெரட்டில் பெயர் இருந்தது

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தாதியர் நாள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் தாதியர் தங்கைகளுக்கும் வணக்கம். பணி ஓய்வு பெற்ற சிஸ்டர் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டீர்கள். இனி திரும்பப் பிடுங்குவது உங்கள் பாடு.

நான் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவள். தம்பியைப் பிள்ளை பார்க்கும் ஆயாக் கொட்டகையில் விடப் போகும்போது அம்மாவோடு பெரட்டுக்களத்தில், வேலைக்கு முன் ஆளெடுக்கும் களத்தில், நின்றிருக்கிறேன். விடியாத இருட்டு, டார்ச் வெளிச்சம், தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி கையில் செக்ரோல் என்ற பெயர்ப்பதிவேடு. வேலை மேற்பார்க்கும் மண்டோர் பெயர் கூப்பிடுவார். அப்பாவின் பெயரை அவர் ஒருநாளும் ஒழுங்காக உச்சரித்ததில்லை. அப்பா அதற்கும் “ஐயா” என்பார். கூலிக்கு ஆளெண்ணும் இடம்தான் அது. ஆனாலும் பெயர் இருந்தது.

அப்புறம் நான் தாதியானேன். வேலை மாறும் நேரத்து பாஸ் ஓவரில் நாங்கள் எப்படிப் பேசுவோம் தெரியுமா? “நாலாம் கட்டில், கால் புண், டிரெஸ்ஸிங் பத்து மணிக்கு. ஏழாம் கட்டில், ரத்தம் எடுத்தாச்சு.” தங்கைகள் சிரிக்கிறீர்கள், இன்னும் அப்படித்தான் போல. சிஸ்டராக, அதாவது வார்டின் தலைமைத் தாதியாக, ஆன பிறகு நானும் பல வருடம் அப்படியே கேட்டுக்கொண்டேன். நான் கேட்பது கட்டில் நம்பர் என்றால் சின்னப் பிள்ளைகள் சொல்வதும் கட்டில் நம்பராகத்தானே இருக்கும்? வார்டில் தலைமை என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன். சுவரில் ஒட்டிய அறிவிப்பை யாரும் படிப்பதில்லை. சிஸ்டர் காலையில் முதலில் என்ன கேட்கிறாள் என்பதைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள்.

இங்கிலாந்தில் கேட் கிரேஞ்சர் என்று ஒரு டாக்டர். முதியோர் மருத்துவம் பார்த்தவர். புற்றுநோய் வந்து 2013இல் அவரே கட்டிலில் படுத்தபோது, பக்கத்தில் வந்த பலரும் தாங்கள் யார் என்றே சொல்லவில்லை. ‘வணக்கம், என் பெயர் இன்னது’ என்று ஆரம்பியுங்கள் என ஓர் இயக்கத்தையே அவர் தொடங்கினார். 2016இல் இறந்துபோனார். டாக்டருக்கே அந்த நிலை என்றால் நம் தோட்டத்துப் பாட்டிகளின் நிலை என்ன?

“நேரம் எங்கே சிஸ்டர்?” என்பீர்கள். நியாயம்தான். அமெரிக்காவில் அறுவைச் சிகிச்சை நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2002இல் வெளிவந்தது. ஒரு தாதி பார்க்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினாலே, 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு ஏறுகிறது என்றது. ஆகவே ஆள் கேட்டு மேலிடத்தோடு மல்லுக்கட்டுவதும் சிஸ்டரின் வேலைதான். நைட்டிங்கேல் என்றால் விளக்கைத்தான் சொல்கிறோம். 1854இல் போர்க்கள ஆஸ்பத்திரிக்குப் போனவர், செத்தவர்களைக் கணக்கெடுத்து அந்தக் கணக்கை அதிகாரிகள் மேசையில் வைத்து வாதாடினார். எனக்கு அவருடைய விளக்கைவிட அந்தக் கணக்குதான் பிடிக்கும்.

சரி, என் தப்பையும் சொல்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள்.

ரப்பர் பால்மரம் வெட்டிப் பால் எடுத்த பாட்டி ஒருவர். இனிப்பு நீர் (நீரிழிவு), காலில் புண். வீட்டுக்கு அனுப்பும்போது இன்சுலின் ஊசிப் பேனாவைக் கொடுத்து எல்லாம் விளக்கினோம். எதற்கும் “சரிம்மா”. மூன்றே வாரத்தில் திரும்பி வந்தார், பெருவிரல் கறுத்துப்போய். “அவ்வளவு சொன்னோமே பாட்டி, ஊசி போடலையா?” என்று வார்டே கேட்கச் சத்தம் போட்டேன். அதற்கும் “சரிம்மா”. துரைக்கும் கிராணிக்கும் டாக்டருக்கும் நம் ஆட்கள் சொல்லும் அந்தச் ‘சரி’க்கு அர்த்தம், ‘புரியலை, ஆனா கோபப்படாதீங்க’ என்பதுதான். அதே லயத்தில் வளர்ந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மத்தியானம் வெட்கம் தாங்காமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். என் பெயரைச் சொன்னேன். பாட்டி உடனே, “எந்தத் தோட்டம் மிஸ்ஸி?” என்றார். சொன்னேன். “அப்பன் யாரு?” அதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார்.

“ஊசி போட்டுக்கணும்னு எனக்கு மட்டும் ஆசையில்லையா?” என்று குரலைத் தாழ்த்தினார். பிரிட்ஜில் வை என்று நாங்கள் சொல்லியிருந்தோம். அவர் வீட்டுப் பிரிட்ஜ் கெட்டுப்போய் மாதக்கணக்காகிறது. பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறார். விடியற்காலையிலும் ராத்திரியிலும் போய் அவர்கள் கதவைத் தட்டக் கூச்சம். முதல் நாலு நாள் தட்டினாராம், அப்புறம் விட்டுவிட்டார்.

பயன்பாட்டில் இருக்கும் பேனாவை, பெரும்பாலான வகைகளில், சூடு படாத இடத்தில் ஏறக்குறைய நாலு வாரம் வெளியிலேயே வைத்துக்கொள்ளலாம். அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. வீட்டில் பிரிட்ஜ் ஓடுகிறதா என்றும் யாரும் கேட்கவில்லை. மகன் போய் எடுத்து வந்தார். மூன்று வாரமாக அது பக்கத்து வீட்டில், ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் பின்னால் பத்திரமாக இருந்திருக்கிறது.