அடுப்பங்கரைதான் முதல் வாசல்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அரைமணி நேரமாகப் பந்தலுக்குள் மாற்றி மாற்றி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம். தை பிறந்தும் தேனிப் பக்கம் பனி விட்டபாடில்லை. விழாக் குழுவினர் யோசித்துத் தலைப்பு வைத்தார்களா, தங்கள் மூக்கைத் தடவிப் பார்த்து வைத்தார்களா தெரியவில்லை, ஆனால் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள்: ‘சைனஸ் தொல்லைக்கு முதலில் நாட வேண்டியது மருந்துக்கடையே! அடுப்பங்கரையே!’

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் நன்றாகவே பேசினார். ஆவி பிடிப்பதில் பயனில்லை என்று இங்கிலாந்தில் ஆராய்ந்தே சொல்லிவிட்டார்கள் என்றார், மூக்கில் தண்ணீர் விட்டால் மூளையைத் தின்னும் அமீபா வரும் என்றார், கடைசியில் ‘கண் போன பிறகு கஷாயம் எதற்கு?’ என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். மூன்றுக்கும் வருகிறேன். ஆனால் தலைப்பில் ‘முதலில்’ என்று ஒரு சொல் இருக்கிறது, அதை மட்டும் அவர் தாண்டிக் குதித்துப் போய்விட்டார். எங்கள் அணி நிற்பதே அந்த ஒரு சொல்லின் மேல்தான். ‘கடைசி வரை அடுப்பங்கரையே’ என்று தலைப்பு வைத்திருந்தால் நானே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போயிருப்பேன்.

போன வருஷத்து மார்கழியில் எனக்கு மூக்கடைத்தது. குனிந்து கோலம் போட முடியவில்லை, குனிந்தால் கன்னத்து எலும்புக்குள் யாரோ கல்லை உருட்டிவிட்டதுபோல் ஒரு பாரம். மூன்றாம் நாள் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்த ஒரு மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரத் தம்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “சளி என்ன கலர்ல வருது மேடம்?” மஞ்சள் என்றேன். “அப்ப இன்ஃபெக்‌ஷன்தான்” என்று சொல்லிக்கொண்டே கை பின்னால் போய், மூன்று நாளைக்கு மூன்று ஆன்டிபயாடிக், சளி மாத்திரை ஒரு அட்டை, மூக்குக்குச் சொட்டு மருந்து ஒரு குப்பி எல்லாம் வந்துவிட்டது. டாக்டர் சீட்டு கேட்கவில்லை. ஆன்டிபயாடிக்கைச் சீட்டில்லாமல் கொடுக்கக்கூடாது என்பது அவருக்கும் தெரியும், ஆசிரியையான எனக்கும் தெரியும், இருவரும் சேர்ந்தே மறந்துவிட்டோம்.

சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ வந்தால் அது பாக்டீரியா என்று அர்த்தமில்லை. கிருமியோடு சண்டை போட நம் உடம்பு அனுப்பும் வெள்ளை அணுக்களில் இருக்கும் ஒரு நொதிக்கே பச்சை நிறம் உண்டு, சாதாரண வைரஸ் சளியிலும் இரண்டு மூன்று நாளில் அந்த நிறம் வந்துவிடும். ஜலதோஷத்தோடு வரும் சைனஸ் தொல்லையில் பெரும்பாலானது வைரஸால் வருவது, பெரியவர்கள் 100 பேருக்குச் சளி பிடித்தால் அது பாக்டீரியா சைனஸாக முற்றுவது மிஞ்சிப்போனால் 2 பேருக்குத்தான். வைரஸுக்கு முன்னால் ஆன்டிபயாடிக் என்ன செய்யும்? பக்கத்து வீட்டுப் பூட்டுக்கு நம் வீட்டுச் சாவியைப் போட்டுத் திருகுவதுபோல்தான். சாவி தேயும், பூட்டுத் திறக்காது.

அடுத்து அந்தச் சளி மாத்திரை அட்டை. நம் ஊரில் மூக்கடைப்புக்கு விற்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் ஃபீனைல்எஃப்ரின் என்று ஒரு மருந்து இருக்கும், அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் பாருங்கள். வாய்வழியாக விழுங்கும்போது இது மூக்கடைப்பைத் திறப்பதில்லை என்று 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு ஒருமனதாகச் சொல்லிவிட்டது. 2024-ல் அந்த அமைப்பே இதைக் கடையில் விற்கும் சளி மருந்துகளிலிருந்து எடுத்துவிடலாம் என்று முன்மொழிந்தது. அறிவியல் அறிவியல் என்று எதிரணித் தலைவர் ஆறு முறை சொன்னார், எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். இதுவும் அறிவியல்தான் ஐயா.

சொட்டு மருந்தைப் பற்றி மட்டும் என்னால் குறை சொல்ல முடியாது, அது கேட்கும், உடனே கேட்கும். இரண்டு சொட்டு விட்டால் ஐந்து நிமிடத்தில் மூக்கு கொடைக்கானல் காற்று வாங்கும். அதுதான் வினையே. மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாளோடு நிறுத்த வேண்டிய மருந்து அது, அதற்கு மேல் போனால் மருந்தின் வேகம் இறங்கியதும் மூக்கின் உள்சதை முன்னைவிட அதிகமாக வீங்கும், வீங்கினால் மறுபடி விடுவோம், மறுபடி வீங்கும். நான் ஏழு வாரம் விட்டேன். வகுப்பில் கரும்பலகைக்குத் திரும்பி நின்று, பிள்ளைகளுக்குத் தெரியாமல், மாங்காய் தின்னும் பையனைப் போல மூக்கில் விட்டுக்கொண்டேன். அந்தச் சின்னக் குப்பி இல்லாமல் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனதில்லை.

சரி, சைனஸ் என்றால் என்ன? நோயின் பெயர் என்று நினைக்கிறோம். அது முகத்து எலும்புக்குள் இருக்கும் காற்று அறை, எல்லோருக்கும் உண்டு, நெற்றியில், கன்னத்தில், கண்ணுக்கு நடுவில், அதற்கும் பின்னால் என்று நான்கு ஜோடி. இதில் கன்னத்து அறையைக் கட்டிய கொத்தனார்தான் பெரிய ஆள். தண்ணீர் வெளியேறும் ஓட்டையைத் தரையில் வைக்காமல் கூரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். அப்படியானால் சளி எப்படி வெளியே வரும்? உள்சுவரில் கண்ணுக்குத் தெரியாத பொடி மயிரிழைகள் அலையலையாக அசைந்து அதை மேலே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. சளி இளகி இருக்கும் வரை தள்ளும். கெட்டியானாலோ, வாசல் வீங்கி அடைத்துக்கொண்டாலோ தேங்கும். அதைத்தான் நம் ஆட்கள் ‘தலையில நீர் கோத்துக்கிச்சு’ என்றார்கள். இப்போது நமக்கு வேண்டியது என்ன? சளி இளக வேண்டும், வாசல் திறக்க வேண்டும், உடம்பு தன் வேலையை முடிக்கும் வரை ஒரு வாரம் பத்து நாள் தாக்குப்பிடிக்க வேண்டும். இதற்கு வேண்டிய சாமான் உப்பும் வெந்நீரும். அது எந்த அறையில் இருக்கிறது நடுவர் அவர்களே?

எதிரணித் தலைவர் சொன்ன இங்கிலாந்து ஆராய்ச்சிக்கு வருகிறேன். 2016-ல் வெளியானது, அடிக்கடி சைனஸ் வரும் 871 பேரை வைத்துச் செய்தது. ஆவி பிடித்தவர்களுக்குத் தலைவலி குறைந்தது தவிர வேறு பெரிய பலன் இல்லை என்பது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே ஆராய்ச்சியில் இன்னொரு கூட்டத்துக்கு உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவச் சொன்னார்கள். அவர்களுக்கு ஆறு மாதம் கழித்தும் தொல்லை குறைந்திருந்தது, கடையில் மாத்திரை வாங்குவதும் குறைந்திருந்தது. பாதியை வாசித்துவிட்டுப் பக்கத்தை மூடிவிட்டாரே! யோகாசனக்காரர்கள் ஜலநேதி என்று காலங்காலமாகச் செய்வது இதைத்தான்.

அமீபா பயம் பொய்யில்லை. 2011-ல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் விட்டு இரண்டு பேர் இறந்தார்கள், பக்கத்தில் கேரளத்தில் குளத்தில் குளித்த பிள்ளைகளை அது கொண்டுபோனதை 2024-ல் படித்தோம். அந்த அமீபா கொதிநீரில் பிழைக்காது. தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, மூடிவைத்து, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டால் போதும். இதற்கு என்ன வேண்டும்? அடுப்பு வேண்டும்! (நடுவர் சிரிக்கிறார், அதை மதிப்பெண்ணில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.)

எப்படிச் செய்வது என்று கேட்பீர்கள். லிட்டருக்கு 9 கிராம் உப்பு என்பது கணக்கு, நம் ரத்தத்தின் உப்பளவு கிட்டத்தட்ட அதுதான். கால் லிட்டர் ஆறிய தண்ணீரில் அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாகப் பொடியுப்பு, எரிந்தால் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. வெறும் தண்ணீர் விட்டால் கண்மாயில் மூழ்கித் தண்ணீர் ஏறியதுபோல் உச்சந்தலை வரை சுரீர் என்று ஏறும், அளவான உப்பு போட்டால் ஏறாது. வாஷ்பேசினில் குனிந்து, தலையை ஒருபக்கம் சாய்த்து, வாயால் மூச்சுவிட்டுக்கொண்டே மேல் மூக்கில் மெதுவாக ஊற்ற வேண்டும், கீழ் மூக்கு வழியாக வழியும். மூக்குச் சொம்பு இல்லையென்றால் குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கு போதும், கழுவிக் காயவைத்து எடுக்க வேண்டும். முதல் நாள் எனக்குப் பாதி சட்டையில்தான் போனது. மூன்றாம் நாள் ஜவ்வு மாதிரி ஒன்று இழுத்துக்கொண்டு வந்து விழுந்தது பாருங்கள், சாப்பிட்டுவிட்டு வந்திருப்பீர்கள், மேலே சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரிதான் வாயை மூடித் தூங்கினேன். சொட்டு மருந்துக் குப்பியை விட்டொழிக்க இன்னும் இரண்டு வாரம் ஆனது, அது தனிக் கதை.

ஆவி பிடிப்பதை நாங்கள் வேது பிடிப்பது என்போம். என் அப்பத்தா மண்பானையில் நொச்சி இலையை நிரப்பி, அடுப்பில் சிவக்கச் சுட்ட செங்கல் துண்டை இடுக்கியால் எடுத்து உள்ளே போடும், சொய்ங் என்று ஒரு சத்தம், உடனே கம்பளியால் மூடிவிடும். அந்த இருட்டுக்குள் நொச்சி வாசமும் அப்பத்தாவின் வெற்றிலை வாசமும் கலந்து வரும். கிருமி செத்ததா? சாகவில்லை. தலைபாரம் இறங்கியதா? இறங்கியது. எனக்கு அது போதும். ஆனால் கொதிக்கும் பாத்திரத்தைச் சின்னப் பிள்ளை முன்னால் வைக்காதீர்கள், கவிழ்த்துக்கொண்டு வெந்துபோய் வரும் பிள்ளைகளை எல்லா ஆஸ்பத்திரியிலும் பார்த்திருக்கிறார்கள். பிள்ளைக்கு வேண்டுமானால் குளியலறைக் கதவைச் சாத்தி, வாளியில் வெந்நீர் பிடித்து, எட்டத்தில் வைத்துக்கொண்டு மடியில் உட்கார்த்திக்கொள்ளுங்கள்.

மிளகு ரசத்துக்கு யாரும் வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. 1978-ல் அமெரிக்காவில் மயாமி நகரத்து மருத்துவர்கள் வெந்நீர், குளிர்ந்த நீர், கோழி சூப் மூன்றையும் குடிக்கக் கொடுத்து, மூக்குக்குள் சளி என்ன வேகத்தில் நகர்கிறது என்று அளந்தார்கள். சூடான இரண்டும் வேகத்தைக் கூட்டின, கோழி சூப் இன்னும் கொஞ்சம் மேல், குளிர்ந்த நீர் குறைத்தது. அவர்களிடம் மிளகு தட்டிப்போட்ட நாட்டுக்கோழி ரசம் இருந்திருந்தால் அளக்கும் கருவியே ஓடியிருக்கும்.

தைலத்தைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அதிலுள்ள மெந்தால் அடைப்பைத் திறப்பதில்லை, மூக்கிலுள்ள குளிர்ச்சி நரம்பைத் தட்டிவிட்டுத் திறந்ததுபோல் தோன்றவைக்கும். தோன்றினாலும் தூக்கம் வருகிறதே என்பது என் கட்சி. சுக்குப் பற்றும் அப்படித்தான், நெற்றிக்குச் சுகம், எலும்பைத் தாண்டி உள்ளே போகாது. ஆனால் விரலி மஞ்சளை விளக்கில் சுட்டு அந்தப் புகையை உறிஞ்சுவதை நான் ஆதரிக்க மாட்டேன். சளியைத் தள்ளும் மயிரிழைகள் என்றேனே, எந்தப் புகையும் அவற்றுக்கு ஆகாது. கைக்குழந்தையின் மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது இன்னும் மோசம், அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரலாம். என் அணியில் இருப்பவர்களே இப்போது என்னை முறைக்கிறார்கள். முறைக்கட்டும்.

கடைசியாக, கண் போன பிறகு கஷாயம் எதற்கு என்ற கேள்வி. 2021-ல் கொரோனாவோடு வந்த கறுப்புப் பூஞ்சை இந்த சைனஸ் வழியாகத்தான் கண்ணுக்கு ஏறியது, பெரும்பாலும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கும். அவர்களுக்கு ரசம் வையுங்கள் என்று நான் சொல்வேனா? கண்ணைச் சுற்றி வீங்கினால், பார்வை இரண்டிரண்டாகத் தெரிந்தால், கழுத்து விறைத்தால், 102 டிகிரிக் காய்ச்சலும் சீழும் மூன்று நான்கு நாள் விடாமல் இருந்தால், அப்பத்தாவைக் கேட்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பத்து நாளாகியும் இறங்கவில்லையா, சரியாகி வந்தது திரும்ப முற்றியதா, டாக்டரைப் பாருங்கள். ஒரு பக்கக் கன்னம் மட்டும் வலித்து நாற்றம் வந்தால் பல் டாக்டரையும் பாருங்கள், மேல்கடைவாய்ப் பல்லின் வேர் அந்த அறையின் தரையை ஒட்டித்தான் இருக்கிறது. கவனித்தீர்களா? நான் சொன்னது எல்லாம் டாக்டர். மருந்துக்கடை எங்கே வந்தது? தலைப்பில் ‘மருத்துவமனையே’ என்று இல்லை நடுவர் அவர்களே, ‘மருந்துக்கடையே’ என்றுதான் இருக்கிறது. சீட்டோடு போனால் அது டாக்டர் சொன்ன மருந்து. சீட்டில்லாமல் கலர் கேட்டுக் கொடுப்பதைத்தான் எதிரணி இவ்வளவு நேரம் தாங்கிப் பேசியது.

முதல் மணி அடித்துவிட்டது, முடிக்கிறேன். மேடைக்கு வரும்போது நான் ஒரு பிளாஸ்க் நிறையச் சுக்குமல்லிக் காபி போட்டுக் கொண்டுவந்தேன். எதிரணித் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “டீச்சரம்மா, கொஞ்சம் கிடைக்குமா, மூக்கடைச்சிருக்கு, பேசணும்” என்று வாங்கி இரண்டு டம்ளர் குடித்துவிட்டுத்தான் ஒலிபெருக்கி முன்னால் வந்தார். டம்ளர் இன்னும் அவர் நாற்காலிக்குக் கீழேதான் இருக்கிறது, நடுவர் விரும்பினால் எட்டிப் பார்க்கலாம். நன்றி, வணக்கம்.