கடிகாரம் பார்த்துக் கிடந்தவர்

நண்பர்களே, "சாவுக்குப் பயமில்லப்பா, கிடந்து இழுக்காம போயிடணும்" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நாம் உடனே "அப்படியெல்லாம் பேசாதீங்க" என்று வாயை அடைத்துவிடுகிறோம்.

என் அம்மாவிடம் நானும் அதையேதான் செய்தேன். வலி தாங்க முடியாதபோது மட்டும் மாத்திரை கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மாத்திரை போட்டால் கொஞ்சம் தூங்குவார். விழித்ததும் கண் நேராகச் சுவர்க்கடிகாரத்துக்குப் போகும். அப்போது வலி இருக்காது, ஆனால் வரப்போகிறது என்று அவருக்குத் தெரியும். முள்ளைப் பார்த்தபடியே போர்வை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருப்பார். சுற்றுவார், பிரிப்பார், மறுபடி சுற்றுவார்.

இந்தக் காத்திருப்பைத்தான் சிசிலி சாண்டர்ஸ் மாற்றப் பார்த்தார். நர்ஸாக இருந்து, அப்புறம் மருத்துவமும் படித்து, 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை, அதாவது கடைசிக் காலத்தில் இருப்பவர்களைப் பராமரிக்கும் இல்லத்தை, தொடங்கியவர். நோயாளி கெஞ்சும்வரை ஏன் காத்திருக்க வேண்டும், வலி வருமுன்பே மருந்தைக் கொடுங்கள் என்றார். கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் மருந்தில், சாதாரண மாத்திரை சுமார் 4 மணி நேரம் கேட்கும். அது தீருவதற்குள் அடுத்தது. 1986-இல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு வெளியிட்ட வழிகாட்டியும் கடிகாரப்படி கொடுக்கத்தான் சொன்னது. மார்ஃபின் என்றதும் அடிமையாகிவிடுவாரோ என்று பதறுகிறோம். மருத்துவர் அளவு பார்த்துக் கொடுக்கும் மருந்துக்காக, வலியில் துடிப்பவரைக் காக்க வைப்பது கொடுமை. எனக்கு இதில் இரண்டாவது அபிப்பிராயம் இல்லை.

சரி, பயம் வலியோடு நிற்பதில்லை. ஒருவருக்கு மூச்சுத் திணறல். இன்னொருவருக்கு, பிள்ளை கையால் கழுவிவிடப்படும் கூச்சம். "எதை நினைச்சுப் பயமா இருக்கு?" என்று கேட்டால்தான் தெரியும். மூச்சுத் திணறலுக்குச் சிறு அளவு மார்ஃபின் சிலருக்கு உதவலாம், முகத்துக்கு நேரே வைத்த சின்ன மின்விசிறிகூட உதவும். கூச்சத்துக்கு ஒரு திரையும் மெதுவான கையும் வேண்டும். எல்லா வலியும் முழுதாக அடங்கிவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். கேட்காமல் விட்டால் அடங்கக்கூடியதும் அடங்காது.

அம்மாவுக்குக் கடைசி மூன்று வாரம் இன்னொரு மருத்துவர் மாத்திரைக்கு நேரம் குறித்துக் கொடுத்தார். ஒரு மத்தியானம் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவர், "மணி என்னடா ஆச்சு?" என்று என்னிடம் கேட்டார்.