ஐயர்மார் மாறட்டும் என்று காத்திருந்தால் ஆகாது

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிற அண்ணாச்சி அவர்களே, கோவில் அசன விருந்து முடிந்து, காணிக்கைப் பொருள் ஏலமும் முடிந்து இன்னும் வீட்டுக்குப் போகாமல் இருக்கிற சபையாரே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

தளர்ந்து கிடக்கிற திருச்சபை நிமிர்வது தலைவர்களாலா, சபையாராலா? தலைவர்களால்தான், அதாவது ஐயர்மார் என்று நாம் கூப்பிடுகிற போதகர்களாலும் பிஷப்மாராலும்தான் என்று அண்ணாச்சி கால் மணி நேரம் முழங்கிவிட்டுப் போயிருக்கிறார். மிஷனரி ரேனியஸ் ஐயர் இல்லாவிட்டால் பாளையங்கோட்டைக்கு ஊசிக்கோபுரக் கோவில் ஏது, கால்டுவெல் பிஷப் இல்லாவிட்டால் இடையன்குடிக் கோவில் ஏது, அசரியா பிஷப் இல்லாவிட்டால் நமக்கு மிஷனரித் தாகம் ஏது என்று கேட்டார். நல்லாத்தான் பேசினார், நானும் கை தட்டினேன்.

ஆனால் ஐயா, ஊசிக்கோபுரக் கோவில் 1826. அதற்கு நாற்பது வருஷம் முன்னாலேயே, 1785-ல், அதே பாளையங்கோட்டையில் ஒரு கோவில் எழும்பிவிட்டது. கட்டியது குளோரிந்தா என்கிற ஒரு பிராமண விதவை. ஞானஸ்நானம் வேண்டும் என்று தஞ்சாவூரில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் போய்க் கேட்டவள், ஒரு ஆங்கிலேய அதிகாரியோடு கல்யாணம் ஆகாமல் வாழ்கிறாய், முடியாது என்று திருப்பி அனுப்பப்பட்டவள். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778-ல்தான் ஞானஸ்நானம் கிடைத்தது. 1780-ல் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் இருந்தது மொத்தம் 40 பெயர், அதில் இவள் பெயரும் ஒன்று. தலைவர்கள் வாசலில் நிறுத்தி வைத்த பொம்பளைதான் ஐயா நம்ம ஊருக்குக் கோவில் கட்டினாள். பாப்பாத்தியம்மாள் கோவில் என்று ஜனங்கள் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை அண்ணாச்சி எப்படி மறந்தாரோ தெரியவில்லை, அவர் மதினி வீடு அந்தப் பக்கம்தான்.

சரி, அசரியாவுக்கு வருவோம். வெள்ளாளன்விளையில் பிறந்தவர், 1912-ல் பிஷப் ஆனார், ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பிஷப் ஆனது அதுதான் முதல் முறை, எல்லாம் உண்மை. ஆனால் அவர் மற்றவர்களோடு சேர்ந்து திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது 1903. அப்போது அவர் பிஷப்பும் இல்லை, குருப்பட்டம் கூட வாங்கவில்லை. நம்மைப் போல சபையார் அண்ணாச்சி, சபையார்! வெளிநாட்டுக் காசு வேண்டாம், நம்ம ஆள், நம்ம பணம், நம்ம நிர்வாகம் என்று சொல்லித் தெலுங்கு நாட்டில் டோர்னக்கலுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். பனையேறிப் பிழைத்த ஜனங்களிடம் பணம் எங்கிருந்து வரும்? உலை வைக்கும்போது அரிசியைக் களைவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைத்து, நிறைந்ததும் கோவிலுக்குக் கொண்டுபோகிற வழக்கம் நம்ம அம்மாமாருக்கு உண்டே, அதுவும் பணம்தான். பிள்ளைக்கு அரை வயிறு என்றால்கூட அந்தப் பிடியில் குறை வைக்க மாட்டார்கள்.

அண்ணாச்சி சொன்னதில் ஒன்றை மட்டும் நான் தட்ட முடியாது. வடக்கன்குளத்தில் கத்தோலிக்கக் கோவிலுக்குள்ளேயே சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரித்து நின்ற சுவரை 1910-ல் இடித்தது சாமியார்மார்தானே என்று கேட்டார். ஆமாம், அவர்கள்தான், அதற்குத் துணிச்சல் வேண்டும். ஆனால் கோவில் சுவரைச் சாமியார் இடிக்கலாம், வீட்டுக்குள் இருக்கிற சுவரை யார் இடிப்பது? நம்ம வீட்டுக் கல்யாணப் பேச்சில் முதல் கேள்வி என்ன என்று இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும், ரட்சிக்கப்பட்ட பிள்ளையா என்பது இரண்டாவது கேள்விதான். அதை மாற்ற எந்த பிஷப்பும் வரமாட்டார்.

இன்றைக்கு என்ன நிலைமை? நம்ம பிஷப்பின் ஆளுகைக்குட்பட்ட சபைகள் சேர்ந்த திருமண்டலத்துக்குப் பெருமன்றத் தேர்தல், அதாவது நிர்வாகத் தேர்தல் வந்தால் சொந்த மச்சானும் மச்சானும் முகம் பார்ப்பதில்லை, வழக்கு உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வரைக்கும் போகிறது. பையன்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் துபாய்க்கும் போய்விட்டார்கள், கிறிஸ்துமஸுக்குத் தலை காட்டுகிறார்கள். மற்ற ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் நாலு பாட்டி, பின்வரிசையில் நாலு செருப்பு. இதைப் பார்த்துச் சபை அழிந்துபோகும் என்று சிலர் அழுகிறார்கள். சண்டை புதுசா? 1835-லேயே ரேனியஸ் ஐயரை அவரை அனுப்பிய இங்கிலாந்து மிஷனரி சங்கமே விலக்கிவிட்டது, கிராமச் சபைகளைப் பார்த்துக்கொண்ட உபதேசியார்கள் பலர் அவர் பின்னால் போனார்கள், சபை இரண்டாகக் கிடந்தது. மூணு வருஷத்தில் அவர் இறந்துபோனார், அப்புறம் பிரிந்து போனவர்கள் திரும்பி வந்து சேர்ந்தார்கள். அந்த மூணு வருஷமும் கிராமத்தில் ஞாயிற்றுக்கிழமை மணி அடித்துத்தானே இருக்கும்? அடித்தது யாராவது பெயர் தெரியாத ஒரு கோவில்பிள்ளை.

இன்று மத்தியானம் ஏலத்தில் ஒரு பூசணிக்காய் வந்தது, பார்த்திருப்பீர்கள். ஒருத்தர் எடுத்து, திரும்பக் கோவிலுக்கே என்று கொடுத்தார், அடுத்தவர் எடுத்து அவரும் கொடுத்தார். கடைசியில் எண்ணூறு ரூபாய்க்கு எடுத்தது பீடி சுற்றுகிற ஒரு அக்கா, புகையிலைக் கறை போகாத விரலால் நோட்டை ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்தாள். ஆயிரம் பீடி சுற்றினால் என்ன கூலி என்று நமக்குத் தெரியும். இந்தப் பணம் எங்கே போகிறது என்று கேட்க அவளை விட உரிமை யாருக்கு இருக்கிறது? கேட்க மாட்டோம், வெளியே டீக்கடையில் நின்று முணுமுணுப்போம். நான் சொல்கிற மறுமலர்ச்சி இதுதான் ஐயா: மாதக் கணக்கைக் கோவில் கதவில் ஒட்டச் சொல்லுவது, ஓட்டுக்குக் காசு கொடுத்தால் நம்ம தட்டில் சாப்பிட்ட மாமனாக இருந்தாலும் வாங்காமல் இருப்பது, கோவிலுக்கு வராத பையனைத் திட்டாமல் ஏன் வரவில்லை என்று உட்கார்ந்து கேட்பது. அவன் பெரும்பாலும் நியாயமான காரணம்தான் சொல்லுவான், நமக்குத்தான் கேட்கக் கசக்கும்.

எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் போன மாதத்திலிருந்து கோவில் பின்கட்டில் சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறோம். எந்தத் தெருப் பிள்ளையும் வரலாம், எந்த மதமும் வரலாம். எந்தத் திருமண்டலக் கூட்டத் தீர்மானமும் கிடையாது, ஐயரிடம் சாவி மட்டும் கேட்டோம், சிரித்துக்கொண்டே கொடுத்தார். முதல் நாள் எட்டுப் பிள்ளை, இப்போது பாய் பத்தவில்லை.

மணி அடித்துவிட்டீர்கள், ஒரே நிமிஷம் ஐயா. அங்கே கணக்குக்கு மட்டும் ஆள் இல்லை. அண்ணாச்சி முப்பது வருஷம் கணக்கு வாத்தியார், இப்போது ஓய்வில் இருக்கிறார். திங்கட்கிழமை ஆறு மணிக்கு. பெயரை எழுதிக்கொள்ளட்டுமா அண்ணாச்சி, இல்லை திருமண்டலத்திலிருந்து கடிதம் வர வேண்டுமா?