பழைய தீர்ப்பு அல்ல, இன்றைய உடல்

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

வயது முதிர்ந்த இரு பழைய எதிரிகள் குத்துச்சண்டை மேடையில் மீண்டும் சந்திக்கும்போது, முடிவைக் கணிக்கத் துணைநிற்பது அவர்களுடைய முந்தைய மோதல்களின் வரலாறா, அவர்களுடைய இன்றைய உடலா என்பது இந்த மன்றத்தின் கேள்வி. இன்றைய உடலே என்று வாதிட நான் வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் மூன்று காரணங்களை வைத்தார். ஒரு வீரரின் பாணி கடைசிவரை மாறுவதில்லை என்றார். ஒருமுறை வென்றவர் தோற்றவரின் மனத்தில் என்றைக்கும் ஒரு படி மேலேயே நிற்கிறார் என்றார். உடலைப் பார்த்துக் கணித்தவர்கள் 1975இல் மணிலாவில் நடந்த அலி-ஃபிரேசியர் சண்டையிலும் 1989இல் லாஸ் வேகாஸில் நடந்த லியோனார்ட்-ஹெர்ன்ஸ் சண்டையிலும் ஏமாந்துபோனார்கள் என்றார். இவற்றில் முதல் காரணத்தை நான் மறுக்கப்போவதில்லை. பாணி மாறுவதில்லை என்பதுதான் என் வாதத்துக்கும் அடித்தளம்.

முதுமை ஒரு வீரரிடமிருந்து எல்லாவற்றையும் ஒரே நாளில் பறித்துக்கொள்வதில்லை. பெரும்பாலும் கால்கள்தாம் முதலில் தளர்கின்றன. கண் கண்டதை உடல் செய்து முடிப்பதற்கு எடுக்கும் அந்த இமைப்பொழுது அதன்பின் நீளத் தொடங்குகிறது. வாங்கிய அடிகளின் கணக்கு ஏற ஏறத் தாடை தாங்கும் திறனை இழக்கிறது. குத்தின் வலிமை மட்டும் ஏறக்குறையக் கடைசிவரை உடனிருக்கிறது. 1994 நவம்பரில் ஜார்ஜ் ஃபோர்மேனுக்கு வயது 45. மைக்கேல் மூரர் அவரைச் சுற்றுக்குச் சுற்று அடித்துப் புள்ளிகளில் வெகுதூரம் முந்திக்கொண்டிருந்தார். ஆனால் பத்தாவது சுற்றில் ஒரே ஒரு குறுகிய வலக்கைக் குத்து இருபது ஆண்டுகளுக்கு முன் முகமது அலியிடம் இழந்த ஹெவிவெயிட் பட்டத்தை ஃபோர்மேனிடம் திரும்பக் கொண்டுவந்தது. ஆகவே ஒரு வீரர் எந்த உறுப்பை நம்பித் தம் பாணியைக் கட்டினாரோ, அந்த உறுப்பு எப்போது தளர்கிறதோ அப்போதுதான் அவர் முதுமை அடைகிறார். மாறாத பாணி, மாறிவிட்ட உடலின்மேல் வந்து உட்காரும்போது என்ன நேர்கிறது என்பதே கணிக்கிறவர் கேட்க வேண்டிய கேள்வி.

இதற்கு ராய் ஜோன்ஸ், பெர்னார்ட் ஹாப்கின்ஸ் ஆகியோரின் இரண்டு சண்டைகளைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை. 1993 மே மாதம் வாஷிங்டனில் காலியாக இருந்த மிடில்வெயிட் (நடுத்தர எடைப் பிரிவு) பட்டத்துக்காக இருவரும் மோதினார்கள். 24 வயது ஜோன்ஸ் மூன்று புள்ளியிடுபவர்களின் ஒருமித்த தீர்ப்பால் வென்றார். அடுத்த மோதல் பதினேழு ஆண்டுகள் கழித்து, 2010 ஏப்ரலில், லாஸ் வேகாஸில் நடந்தது. வரலாற்றைப் புரட்டினால் விடை ஜோன்ஸ்தான்: முதல் வெற்றி அவருடையது, இயற்கை அளித்த திறமையும் அவருக்கே அதிகம், நான்கு வயது இளையவரும் அவரே. ஆனால் அவருடைய பாணி எதன்மேல் நின்றது? கைகளைத் தாழ்த்தி, தாடையைத் திறந்து வைத்து, குத்து வரும் கணத்தில் இடுப்பிலிருந்து பின்வாங்கி, எதிராளி நிமிர்வதற்குள் இடக்கை ஹூக்கை, அதாவது பக்கவாட்டிலிருந்து வளைந்து வரும் குத்தை, இறக்கும் பாணி அது. அதற்கு மற்றவர்களைவிட அரைக்கணம் முன்னதாகப் பார்க்கும் கண்ணும், உடனே கீழ்ப்படியும் உடலும் வேண்டும். அந்த அரைக்கணம் கைநழுவியபின் அதே தாழ்ந்த கைகள் திறந்த வாசலாகிவிட்டன. 2004ஆம் ஆண்டில் மட்டும் அவர் இருமுறை நாக்அவுட் ஆனார். 2009 டிசம்பரில் சிட்னியில் டேனி கிரீன் அவரை முதல் சுற்றிலேயே முடித்தார்.

ஹாப்கின்ஸின் பாணியோ வேறு. தாடையை மார்போடு அணைத்து, தூரத்தை அளந்து, தேவைப்பட்டபோது பிடித்துத் தழுவி, எதிராளியின் வேகத்தைத் தம் வேகத்துக்கு இறக்கிக்கொண்டுவரும் பொறுமையின் பாணி அது. முதுமையால் எளிதில் திருட முடியாத பொருள்களால் அவர் தம் வீட்டைக் கட்டியிருந்தார். 2008இல், 43 வயதில், தம்மைவிட மிக இளையவரான கெல்லி பாவ்லிக்கைப் பன்னிரண்டு சுற்றுகளிலும் தடுமாறவைத்தவர் அவர். 2010இல் 45 வயது ஹாப்கின்ஸ் 41 வயது ஜோன்ஸை ஒருமித்த தீர்ப்பால் வென்றார். கண்ணுக்கு இனிய சண்டை அல்ல அது. ஜோன்ஸை இளமையில் பார்த்து வியந்த எவருக்கும் அதைப் பார்ப்பது வேதனை. ஆனாலும் முடிவை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம், பிறப்புச் சான்றிதழையும் 1993இன் தீர்ப்பையும் ஓரமாக வைத்துவிட்டு இரண்டு உடல்களை மட்டும் பார்த்திருந்தால். இன்னொன்றையும் இங்கே எதிரணியினர் கவனிக்க வேண்டுகிறேன்: உடல் என்று நான் சொல்லும்போது வயதைச் சொல்லவில்லை. அந்த இரவில் வென்றவர் மூத்தவர்.

இரண்டாவது காரணத்துக்கு வருகிறேன். வென்றவர் தோற்றவரின் மனத்தில் மேலே நிற்கிறார் என்றால், ஹுவான் மானுவல் மார்க்கேஸ் எப்படி எழுந்தார்? மேனி பாக்கியாவோவுடன் 2004இல் நடந்த முதல் சண்டையின் முதல் சுற்றிலேயே மூன்று முறை வீழ்ந்து எழுந்து சமன் செய்தார். 2008இலும் 2011இலும் நூலிழையில் தோல்வி என்று தீர்ப்பாயிற்று. மூன்று சண்டைகளில் ஒரு வெற்றிகூட இல்லை. 2012 டிசம்பரில் நான்காவது முறை மோதியபோது அவருக்கு வயது 39, பாக்கியாவோவுக்கு 34 நிறையச் சில நாள்களே இருந்தன. 126 பவுண்டு எடைப் பிரிவில் தொடங்கிய பகை 147 பவுண்டு பிரிவுக்கு வந்திருந்தது. மார்க்கேஸின் தோளும் மார்பும் முந்தைய மூன்று சண்டைகளில் இருந்தவை அல்ல என்பது மேடை ஏறும்போதே தெரிந்தது. ஆறாவது சுற்றின் கடைசி நொடியில் அவருடைய வலக்கை பாக்கியாவோவை முகங்குப்புறச் சாய்த்தது. அதுவரை மூன்று புள்ளியிடுபவர்களிடமும் பாக்கியாவோ 47-46 என்று முந்தியிருந்தார், ஆகவே அது ஒரு குத்தின் அதிர்ஷ்டம்தான் என்று எதிரணி சொல்லக்கூடும். அப்படியானால் மூன்றாவது சுற்றை நினைவுகூருங்கள். மூன்று சண்டைகளிலும் ஒருமுறைகூடப் பாக்கியாவோவை வீழ்த்தாத மார்க்கேஸ், அந்தச் சுற்றில் அவரைத் தரையில் உட்காரவைத்துவிட்டார். உடல் மாறிவிட்டது என்பதை மேடையே மூன்று சுற்றுகளுக்கு முன்பு அறிவித்துவிட்டது.

இனி, நாங்கள் ஏமாந்ததாகச் சொல்லப்பட்ட இரண்டு இரவுகள். 1989இல் தாமஸ் ஹெர்ன்ஸின் தாடை போய்விட்டது என்று நம்பியவர்கள் பலர். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஐரன் பார்க்லி அவரை மூன்றாவது சுற்றில் முடித்திருந்தார். அந்த ஹெர்ன்ஸ் தம் பழைய எதிரி ஷுகர் ரே லியோனார்டை இருமுறை வீழ்த்தினார். சண்டை சமனில் முடிந்தது. கணித்தவர்கள் தவறினார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1981இல் ஹெர்ன்ஸுக்கு எதிராக லியோனார்ட் பெற்ற வெற்றியை நம்பியவர்களும் அதே இடத்தில்தான் தவறினார்கள் என்பதை எதிரணி சொல்லாமல் விட்டது. உடலைப் பார்த்தவர்களின் பிழை, ஓர் உடலை மட்டும் பார்த்தது. லியோனார்ட் அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் இரண்டே இரண்டு சண்டைகள்தாம் செய்திருந்தார். அவற்றில் பிந்தையதில் டானி லலோண்ட் அவரை வீழ்த்தியிருந்தார். ஹெர்ன்ஸின் தாடையை ஆராய்ந்தவர்கள் லியோனார்டின் கால்களையும் ஆராய்ந்திருந்தால் அந்த இரவு அவர்களுக்கு வியப்பாக இருந்திருக்காது.

உடலைப் படிப்பது எளிது என்று நான் சொல்ல வரவில்லை. 1980இல் லாரி ஹோம்ஸைச் சந்திக்க வந்த 38 வயது அலி, ஃபோர்மேனை வென்ற காலத்து எடைக்கு அருகில் இறங்கி, நரையை மறைத்து, பார்ப்பதற்குப் பழைய அலியாகவே நின்றார். பலர் அந்தத் தோற்றத்தில் மயங்கினார்கள். அதே மனிதரின் பேச்சு தளர்ந்திருந்ததைக் கேட்டவர்கள் மயங்கவில்லை. ஹோம்ஸ் ஒருகாலத்தில் அலியின் பயிற்சித் துணைவர். அலியின் ஒவ்வோர் அசைவையும் அறிந்தவர், அவரை நேசித்தவர். அந்த இரவில் அவர் எதிரே நின்றது அசைவுகளைப் பற்றிய நினைவு மட்டுமே. பத்தாவது சுற்றுக்குப் பின் அலியின் மூலையிலிருந்த அவருடைய பயிற்சிக் குழுவினர் சண்டையை நிறுத்தினார்கள்.

கடைசியாக மணிலா. அங்கே மூன்றாவது முறையாக மோதியவர்கள் அலியும் ஜோ ஃபிரேசியரும். 1971இல் ஃபிரேசியர் வென்றார், 1974இல் அலி வென்றார். வரலாறு ஒன்றுக்கு ஒன்று என்று வாய்மூடி நின்றது. ஃபோர்மேன் 1973இல் ஃபிரேசியரை இரண்டு சுற்றுகளுக்குள் ஆறுமுறை வீழ்த்தியிருந்ததால், அவர் ஓய்ந்துவிட்டார், அலிக்கு எளிய வெற்றி என்று கணித்தார்கள். எளிது என்பது பொய்த்தது. அந்தச் சண்டை எத்தனை நேரம், எத்தனை கொடுமையோடு நீளும் என்பதை எவரும் சொல்லவில்லை. யார் வெல்வார் என்பது பொய்க்கவில்லை.

பதினான்காவது சுற்று முடிந்தபோது ஃபிரேசியரின் மூலையில் அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச் நின்றார். 1971இலும் அதே மூலையில் உதவியாளராக இருந்தவர் அவர். ஃபிரேசியர் தம் இடக்கை ஹூக்கால் அலியை மல்லாக்கத் தள்ளியது அந்தச் சண்டையின் பதினைந்தாவது சுற்றில் என்பதை உலகில் எவரையும்விட அவர் நன்றாக அறிவார். இப்போதும் எஞ்சியிருந்தது பதினைந்தாவது சுற்று ஒன்றுதான். ஃபிரேசியர் எழுந்து போகத் துடித்தார். ஆனால் ஃபிரேசியரின் வலக்கண் வீங்கி மூடியிருந்தது. இடக்கண்ணோ ஏற்கெனவே பல ஆண்டுகளாகப் பார்வை மங்கியிருந்தது. அலியின் வலக்கை எங்கிருந்து வருகிறது என்பதே அவருக்குத் தெரியவில்லை. நடக்கவிருந்த அந்த ஒரு சுற்றைக் கணிக்க வேண்டிய நேரத்தில், வரலாறு முழுவதையும் கையில் வைத்திருந்த அந்த மனிதர், எதிரே இருந்த கண்களைப் பார்த்துச் சண்டையை நிறுத்தினார்.