பள்ளமும் ஹள்ளவும்: கட்டங்களுக்குள் ஓடும் சிற்றோடைகள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். தருமபுரியில் குறுக்கெழுத்தைப் பற்றிப் பேச வந்தவன் நீரோடைகளைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றால் வியப்பாக இருக்கலாம். ஆனால் புதிர் போடுகிறவருக்குச் சிற்றோடையைப் போலக் கைகொடுக்கும் பொருள் வேறில்லை.

1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்டு’ இதழில் ஆர்தர் வின் வைர வடிவில் முதல் புதிரை வெளியிட்டார். அதன்பின் வளர்ந்த ஆங்கிலப் புதிர்களில் ‘பெக்’, ‘பர்ன்’, ‘ரில்’ போன்ற ஓடைப் பெயர்கள் அடிக்கடி தலைகாட்டுகின்றன. நம்மவர்க்கு அவை அகராதிச் சொற்கள். வட இங்கிலாந்துக்காரருக்குப் பெக் என்பதும் ஸ்காட்லாந்துக்காரருக்குப் பர்ன் என்பதும் ஊர்ப்புறத்தில் ஓடும் தண்ணீர். நம் நாட்டு ‘நாலா’கூட ‘நல்லா’வாகி ஆங்கில அகராதிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

தமிழில் இந்த விளையாட்டு இன்னும் சுவையானது. ‘ஆறு’ என்ற இரண்டு கட்டச் சொல் எண்ணாகும், நதியாகும், வழியாகும், சினந்தவனைத் தணியச் சொல்லும் ஏவலுமாகும். ‘ஆறுவது சினம்’ என்ற ஆத்திசூடி அடியே பாதிக் குறிப்பு. அதைப் பாடிய ஔவையார் வேறு, அதியமானிடம் நெல்லிக்கனி பெற்ற ஔவையார் வேறு என்பர். ஆனாலும் அந்த அதியமானின் தகடூரில், இன்றைய தருமபுரியில், நின்றுகொண்டு ஔவையின் பெயரைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. ‘கால்வாய்’க்கு நான்கு கட்டங்கள்; காலும் வாயும் இடம் மாறினால் நடுவே ஒரு ககர ஒற்று மிகுந்து ஐந்து கட்ட ‘வாய்க்கால்’ பிறக்கும். இலக்கணமே குறிப்பு எழுதித் தருகிற மொழி நம்முடையது.

என் மனத்தில் நெடுநாளாக இருப்பது ‘பள்ளம்’ என்ற சொல். புதிர்களில் அதற்குக் ‘குழி’ அல்லது ‘மேட்டின் எதிர்ச்சொல்’ என்றே குறிப்பு வரும். மேற்கு மாவட்டங்களிலோ பள்ளம் என்றால் ஓடை. ஈரோட்டுப் பக்கத்துப் பெரும்பள்ளம், குண்டேரிப்பள்ளம் அணைகளின் பெயர்களே சான்று. பழங்கன்னடத்துப் பகரம் பிற்காலத்தில் ஹகரமாகத் திரிந்தபோது அங்கே ‘பள்ள’ என்பது ‘ஹள்ள’ ஆயிற்று. அஞ்செட்டிப் பக்கத்துக் காடுகளின் வழியே வந்து காவிரியில் கலக்கும் தொட்டஹள்ளாவின் பெயரைத் தமிழாக்கிப் பாருங்கள்: தொட்ட என்றால் பெரிய, ஹள்ள என்றால் பள்ளம், ஆக, அதுவும் ஒரு பெரும்பள்ளமே. மாரண்டஹள்ளியின் ‘ஹள்ளி’யை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது, அது ‘பள்ளி’யிலிருந்து வந்தது, ஊரைக் குறிப்பது. ஓர் உயிரெழுத்து மாறினால் ஊர் ஓடையாகிவிடும்; புதிர்க்காரருக்கு இதைவிட நல்ல பொறி எங்கே கிடைக்கும்? ஓசூர்ப் பகுதியில் தெலுங்கு பேசுவோரின் ‘வங்க’வும் ஓடைதான். மூன்று மொழிகள் புழங்கும் மண்ணில் இருந்துகொண்டு, புதிர் போடும்போது மட்டும் நாம் ‘நீரோடை’யைத் தாண்டுவதில்லை என்பது எனக்குக் குறையாகவே படுகிறது.

அமர்வதற்கு முன் ஒரு குறிப்பு: ‘யானையின் நெற்றியில் மின்னும், காட்டுக்குள் சலசலக்கும்.’ கட்டங்கள் இரண்டு. பின்வரிசையில் யாரோ ‘ஓடை’ என்று சொல்வது கேட்கிறது, சரிதான். அரசர்களின் யானைகள் அணிந்த நெற்றிப்பட்டத்துக்கும் அதே பெயர். நம் ஓசூர்க் காட்டு யானைகள் அதை அணிவதில்லை. அதில் தண்ணீர் குடிக்கத்தான் வருகின்றன.